ஒலிபெருக்கியில் ஓர் உறுமல்

2025-ல் அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கார்களைப் பழுது நீக்கத் திரும்ப அழைத்தார்கள். பிரேக் பிடிக்காமல் போகவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. சத்தம் வராமல் போகலாம் என்பதுதான் குறை. மின்சார வண்டிகள் மெதுவாகப் போகும்போது, நடந்து போகிறவர்களின் காதில் விழும்படி ஏதாவது ஒலி எழுப்ப வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒலிபெருக்கியின் மென்பொருளில் கோளாறு இருந்ததால் சில வண்டிகள் ஊமையாகிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டி டாட்ஜ் சார்ஜர் டேடோனா. உலகின் முதல் மின்சார மசில் கார் என்று அந்த நிறுவனம் மார்தட்டிக்கொண்டது இதைத்தான். தன் பழைய பெட்ரோல் ஹெல்கேட் எஞ்சினுக்கு ஈடாக 126 டெசிபல் உறுமும் என்று சொல்லி, அந்த உறுமலுக்கு ‘ஃப்ராட்ஸானிக்’ என்று பெயரும் சூட்டினார்கள். டாட்ஜின் பழைய முத்திரையான ஃப்ராட்ஸாகிலிருந்து பிறந்த பெயர் அது. வடிவமைப்பாளர் ஒருவர் வாய்க்கு வந்தபடி உருவாக்கிய அந்த மூலச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது.

மின்மோட்டாருக்கு எதற்கு உறுமல்? மசில் கார் என்றாலே சத்தமும் பிக்கப்பும்தான் என்று அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் முடிவு கட்டிவிட்டது. அதன் சொந்த வரலாறே இதை மறுக்கிறது.

கதை 1964-ல் தொடங்குகிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் கட்டுப்பாடு. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் அந்த வேலியை உடைக்காமல், அதிலிருந்த ஓட்டை வழியாக நுழைந்தார்கள். புது மாடலுக்குத்தான் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். இருக்கிற மாடலுக்கு ஒரு கூடுதல் வசதியைச் சேர்க்க அது தேவையில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதாரண வண்டிக்கு 389 கன அங்குல (6.4 லிட்டர்) எஞ்சினை 300 டாலருக்குள் ஒரு கூடுதல் வசதியாக்கி, ஜிடிஓ என்று பெயர் வைத்தார்கள். பெயரும் ஃபெராரியிடமிருந்து எடுத்ததுதான். ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது.

ஆக, மசில் கார் அதிசயக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கடைக்குப் போய்வர வாங்கும் வண்டிக்குள் பெரிய வண்டியின் எஞ்சினைத் திணித்ததுதான் அதன் சூத்திரம். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் விலையில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கின் அடியில் இருந்ததும், ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் உடம்புதான்.

இந்தச் சூத்திரத்தை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டது 1968-ன் பிளிமத் ரோட் ரன்னர். சொகுசு எதுவும் கிடையாது. ஆனால் பானெட்டுக்கு அடியில் பெரிய வி-8. ஹார்ன் மட்டும் கார்ட்டூன் பறவையைப் போல ‘பீப் பீப்’ என்று கத்தும். விலை 2,896 டாலர். அன்றைய அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். அந்தக் கூலியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் 1,810 மணி நேர உழைப்பு, அதாவது ஓராண்டு வேலைக்கும் குறைவு. இன்றைய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். மின்சார சார்ஜரின் விலை குறைந்த வகையான ஆர்/டி வெளிவந்தபோது அதன் விலை 60,000 டாலரை ஒட்டி இருந்தது. அதே கணக்கில் நான்கு ஆண்டு உழைப்பு. அந்தக் கூலிக்கு இன்று வேலை செய்பவர்கள் சிலர்தான் என்பது உண்மை. ஆனாலும் ஏணி எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டது என்பது தெரிகிறது.

விலையோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு குணமும் உண்டு. வண்டியை வாங்கியவனே அதைப் பிரித்து மாட்டலாம். கார்புரேட்டரை மாற்றலாம், கேம்ஷாஃப்டை மாற்றலாம், பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் கிடைத்த பின் ஆக்ஸிலைப் பொருத்திப் பார்க்கலாம். டெட்ராய்டின் உட்வர்ட் அவென்யூவில் இரவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட இளைஞர்களில் பலர், பகலில் அதே கார்களைப் பூட்டிய தொழிலாளர்களின் பிள்ளைகள். வண்டி தோற்றால் தோற்றது கம்பெனி இல்லை, சொந்தக்காரனின் கை.

பழம்பெருமை பாடுகிறவர்கள் அந்த வண்டிகளின் அழுக்கையும் சொல்ல வேண்டும். முதல் ஜிடிஓவின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். ஓடத் தெரிந்த அளவுக்கு அந்த வண்டிக்கு நிற்கத் தெரியாது. ஈயம் கலந்த பெட்ரோலைக் குடித்துப் புகையாகக் கக்கியது. குதிரைத்திறன் கணக்கிலும் ஜோடனை இருந்தது. துணைக் கருவிகள் எதையும் மாட்டாமல் எஞ்சினைத் தனியாக ஓட்டி அளந்த எண்ணைத்தான் அச்சிட்டார்கள். கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு 425 குதிரைத்திறன் என்று விளம்பரம். வண்டியில் இருக்கும் நிலையில் அளந்தபோது 350. இளைஞர்களின் விபத்துகளைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது, 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1974-ன் மஸ்டாங் வி-8 எஞ்சினே இல்லாமல் வந்தும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் விற்றது. வாடிக்கையாளருக்கும் தெரிந்திருக்கிறது, கூத்து முடிந்துவிட்டதென்று.

இரண்டாவது அலை 2005-ல் பழைய சாயலில் வந்த மஸ்டாங்கோடு எழுந்தது. டாட்ஜின் சேலஞ்சரும் ஜெனரல் மோட்டார்ஸின் கமாரோவும் பின்னால் வந்தன. 2015 மாடல் சேலஞ்சர் ஹெல்கேட்டுக்கு 707 குதிரைத்திறன். 2023-ன் டீமன் 170-க்கு, எத்தனால் கலந்த எரிபொருளில், 1,025. அதன் விலை 96,666 டாலர். பெட்ரோல் மசில் காரே ஏழையை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. எல்லாப் பழியையும் மின்சாரத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் ஆறு சிலிண்டர் சேலஞ்சர் ஒன்று 30,000 டாலர் சொச்சத்துக்குக் கடைசி வரை கிடைத்தது. வீட்டில் கதவு திறந்தே இருந்தது, வாசல்தான் குறுகிக்கொண்டு வந்தது. 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் கடைசி சேலஞ்சர் இறங்கியது. கமாரோவின் உற்பத்தி நின்றதும் அதே மாதம்தான்.

பிக்கப்பில் மின்மோட்டாரோடு மோத எதனாலும் முடியாது. பெட்ரோல் எஞ்சினைப் போல, சுழன்று வேகமெடுக்கும் வரை அது காத்திருப்பதில்லை. மிதித்த கணத்திலேயே முழு முறுக்குவிசையும் கிடைத்துவிடுகிறது. ஃபோர்டு செய்துகாட்டிய மின்சார மஸ்டாங் கோப்ரா ஜெட் 2020-ல் கால் மைலை 8.27 நொடியில் கடந்தது. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் குடும்பத்தோடு ஊர் போகிற நான்கு கதவு வண்டி. அதன் 1,020 குதிரைத்திறனுக்கு முன்னால் அறுபதுகளின் எந்த மாவீரனும் நிற்க முடியாது.

சிக்கலும் அங்கேதான். வேகம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால், அதை மட்டும் விற்கிற வண்டிக்கு என்ன மதிப்பு? ஹூண்டாயின் ஐயானிக் 5 என் 641 குதிரைத்திறன் கொண்ட கொரியக் குடும்ப வண்டி. அதிலும் பொய்ச் சத்தம் உண்டு. இல்லாத கியர் மாறுவதுபோல் ஒரு குலுக்கலும் உண்டு. கார் விமர்சகர்கள் பலர் அதை ரசித்துக் கொண்டாடினார்கள். செயற்கை ஒலி என்பதாலேயே ஒரு வண்டி தோற்பதில்லை. ஹூண்டாய் அதை விளையாட்டாகச் செய்தது. டாட்ஜ் அதை வாரிசுரிமைச் சான்றிதழாக நீட்டியது.

எடையும் கவனிக்க வேண்டியது. பழைய ஜிடிஓ சுமார் 1,600 கிலோ. மின்சார சார்ஜரின் ஸ்காட் பேக் வகை ஏறத்தாழ 2,650 கிலோ. 100 கிலோவாட்-மணி பேட்டரியைச் சுமந்தும் ஒரு முழுச் சார்ஜில் அரசாங்கக் கணக்குப்படி 241 மைல்தான். நேர்கோட்டில் 3.3 நொடியில் 60 மைல் வேகத்தைத் தொடும் என்கிறது நிறுவனம். ஆனால் அந்த எடை மோதினால் எதிரில் வருபவரின் கதி என்ன? மின்வண்டிகளின் கனத்தைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி 2023-லேயே எச்சரித்தார்.

ஃபோர்டு வேறு வழியில் போனது. நான்கு கதவுள்ள உயரமான மின்வண்டிக்கு மஸ்டாங் மாக்-இ என்று பெயர் வைத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் 2024-ல் அமெரிக்காவில் மாக்-இ 51,745 விற்றது, அசல் மஸ்டாங் 44,003. பெயரைக் கடன் கொடுத்தது கேவலம் என்றால், ஃபால்கன் மேல் மஸ்டாங் பெயரை ஒட்டியதும் கேவலம்தான். அது மசில் கார் என்று ஃபோர்டு வாதாடவில்லை என்ற அளவில் நேர்மை இருக்கிறது.

உண்மையான வாரிசு வேறு இடத்தில் ஒரு கணம் தலைகாட்டியது. 2021-ல் ஃபோர்டு ‘எலுமினேட்டர்’ என்ற 281 குதிரைத்திறன் மின்மோட்டாரைத் தனியாகப் பெட்டியில் போட்டு 3,900 டாலருக்கு விற்றது. பழைய வண்டியில் நீங்களே மாட்டிக்கொள்ளலாம். சரக்கு சீக்கிரமே தீர்ந்தது. பேட்டரியும் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்குபவரின் தலையில் என்பது பெரிய குறை. ஆனால் ஸ்பேனர் மறுபடி உரிமையாளரின் கைக்கு வந்தது. சார்ஜர் டேடோனாவில் அந்த ஸ்பேனருக்கு வேலையில்லை. ஒலிபெருக்கி ஊமையானால்கூட மென்பொருளைத் திருத்த விற்பனையாளரிடம்தான் போக வேண்டும்.

2025-ன் முதல் மூன்று மாதங்களில் மின்சார சார்ஜர் 2,000-கூட விற்கவில்லை. டாட்ஜ் இப்போது அதே உடம்பில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி விற்கிறது. மின்சார வகைகளில் ஒன்றை 2026 மாடல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது 630 குதிரைத்திறன் ஸ்காட் பேக்கை இல்லை. விலை குறைந்த ஆர்/டியை.