உடலா, என்பா? மகாபரிநிப்பான சுத்தத்தில் ‘சரீர பூசை’

ஆய்வுச் சுருக்கம்

பாலி மொழித் தீக நிகாயத்தின் 16ஆவது சுத்தமாகிய மகாபரிநிப்பான சுத்தம், புத்தரின் இறுதி நாள்களையும் ஈமச் சடங்கையும் விரித்துரைக்கிறது. தம் சரீர பூசையைக் குறித்துக் கவலற்க என அதில் ஆனந்தருக்குப் புத்தர் கூறும் அறிவுரை, துறவியர் தாது வழிபாட்டிற்கு உரியரல்லர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டு வந்தது. 1991இல் கிரெகரி ஷோபன் இக்கருத்தை மறுத்தார். அம்மறுப்பின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பரிநிப்பானம், சரீர பூசை, தாது, மல்லர், தூபி.

சொல்லும் பொருளும்

ஷோபனின் முதல் வாதம் சொற்பொருள் பற்றியது. அறிவுரையில் ‘சரீரம்’ என்பது உயிர் நீங்கிய உடலைக் குறிக்கிறது. எரியூட்டியபின் எஞ்சிய என்புகளைச் சுட்டுமிடத்து அச்சொல் பன்மை வடிவம் பெறுகிறது. ஆகவே, சரீர பூசை என்பது ஈமக்கடனே. தாது வழிபாடு அன்று. அறிவுரையை அடுத்து வரும் பகுதியும் இதற்கு அரண் செய்கிறது. உடலைப் புதுத் துணியாலும் பஞ்சாலும் மாறிமாறிச் சுற்றி, எண்ணெய்த் தாழியில் இட்டு, நறுமணச் சிதையில் எரிக்கும் முறையையே புத்தர் அங்கு விளக்குகிறார்.

எனினும், இவ்வொருமை பன்மை வேறுபாடு சுத்தம் முழுவதும் நிலைக்கவில்லை. இறுதிச் செய்யுட்கள் எட்டு அளவை கொண்ட தாதுவையும் ஒருமையிலேயே ‘சரீரம்’ என்கின்றன. இச்செய்யுட்கள் இலங்கைத் தேரர்கள் உரைத்தவை எனப் புத்தகோசரின் உரை குறிப்பிடுவதால், இவ்வழக்கைப் பிற்காலத்தது எனக் கொள்ளலாம். தமிழில் ‘சரீரம்’ உடலை மட்டுமே உணர்த்தும். ஆதலால், இச்சுத்தத்தைத் தமிழாக்குவோர் ஒவ்வோரிடத்தும் உடலா என்பா என முடிவு செய்தே பெயர்க்க வேண்டியுள்ளது.

அறிவுரை யாருக்கு?

அறிவுரை ஆனந்தரை நோக்கியதேயன்றித் துறவியர் அனைவருக்கும் உரியதன்று என்பது இரண்டாம் வாதம். இது முதல் வாதத்தின் அளவு வலிமை உடையதன்று. பாலித் தொடரில் விளி ஒருமையாயினும், முன்னிலைப் பெயரும் வினையும் பன்மையில் உள்ளன. மேலும், வழிபாடு புத்தரின் மைந்தராகிய துறவியரின் தொழில் அன்று என்றே மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேனர் விளக்குகிறார். எனவே, ஷோபன் மறுக்கும் பொருள்கோள் மேலை அறிஞரிடம் மட்டும் தோன்றியதன்று. பௌத்த மரபினுள்ளேயே அதற்கு வேர் உண்டு.

ஈமக் காட்சிகள்

சொல்லாராய்ச்சியைக் காட்டிலும் சுத்தத்தின் நிகழ்ச்சிகளே இச்சிக்கலைத் தெளிவாக்குகின்றன. குசினாராவின் மல்லர் ஆறு நாள்கள் ஆடலாலும் பாடலாலும் மாலைகளாலும் உடலைப் போற்றுகின்றனர். ஏழாம் நாள் தென்திசையில் எடுத்துச் செல்ல முயன்றபோது உடல் அசையவில்லை. தேவர்களின் கருத்து வேறு என அநுருத்தர் தெளிவித்தபின், உடல் நகரின் நடுவே சென்று மகுடபந்தன சேதியத்தை அடைகிறது. முறை அறியாத மல்லர்க்கு அதனைக் கற்பிப்பவர் ஆனந்தர். சிதையோ மகாகஸ்ஸபர் வந்து மும்முறை வலம்வந்து திருவடி தொழும்வரை தீப்பற்றவில்லை. அறிந்துரைத்தல், வழிகாட்டல், இறுதி வணக்கம் ஆகிய மூன்றும் துறவியரிடமே உள்ளன. உழைப்பும் பொருட்செலவும் இல்லறத்தாரிடம் உள்ளன.

வினய பிடகத்தின் சுள்ளவக்கமும் இதற்குத் துணைநிற்கிறது. முதற் சங்கீதியில் ஆனந்தர்மேல் சுமத்தப்பட்ட குறைகளுள் ஒன்று, பெண்களை முதலில் வணங்கவிட்டு அவர்தம் கண்ணீரால் உடல் மாசுற விட்டார் என்பது. சரீர பூசையில் தலையிட்டார் என்பது அங்குக் குற்றமாகக் கூறப்படவில்லை.

எரிந்தபின் காட்சி மாறுகிறது. மகதத்தின் அஜாதசத்து, வேசாலியின் லிச்சவியர் முதலிய எழுவர் பங்கு கேட்க, குசினாரா மல்லர் தர மறுக்கின்றனர். போர் மூளாது தடுத்துத் தாதுவை எட்டாகப் பகுப்பவர் தோணர் என்னும் அந்தணர்; துறவியர் அல்லர். கலத்தைத் தாமே பெறுகிறார்; பிந்தி வந்த பிப்பலிவன மோரியர் கரியைப் பெறுகின்றனர். இவ்வாறு பத்துத் தூபிகள் எழுகின்றன. உடலருகே முன்னின்ற துறவியர், என்பின் உரிமை வழக்கில் பேசுவதே இல்லை.

முடிவுரை

சரீர பூசை ஈமக்கடனே என்னும் ஷோபனின் முடிபு ஏற்கத்தக்கது. ஆயின், அவ்விளக்கத்தால் மட்டும் துறவியர் தாது வழிபாட்டிற்கு உரியர் என நிறுவ இயலாது. சுத்தம் விலக்குவது வணக்கத்தை அன்று; சடங்கின் பொறுப்பையும் கவலையையுமே. உடலைத் தொழுத மகாகஸ்ஸபரையும், என்பின் பங்கீட்டில் இடம்பெறாத சங்கத்தையும் ஒருங்கே நோக்கும்போதே அறிவுரையின் எல்லை புலனாகிறது.