குவாய் பாலத்தில் தமிழர் எங்கே?

பெரும் போரை விட்டுவிட்டு, காட்டுக்குள் சிக்கிய ஒரு சிறு படையை மட்டும் பின்தொடர்வது போர்ப் படங்களின் பழைய வழக்கம். டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) அந்த வழக்கத்தின் உச்சம். இலங்கையின் கித்துல்கலயில் படமாக்கப்பட்டு, 7 ஆஸ்கர் விருதுகள் பெற்ற படம் இது. பார்வை குறுகியதால் பாத்திரம் ஆழமாகிறது. அதிகாரிகள் உடலுழைப்பு செய்ய மாட்டார்கள் என்று மறுத்துத் தகரக் கூண்டில் வெந்து கிடக்கும், ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், பிறகு எதிரிக்கான பாலத்தைத் தன் படையின் பெருமையாக நினைத்து, நோயாளிகளையும் வேலைக்கு எழுப்புகிறார். கடமையுணர்வு தன்னையறியாமல் துரோகமாவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் குறைவு.

ஆனால், அந்தப் பாலம் இடம்பெறும் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதையை 1942–43இல் போட்டவர்கள் போர்க்கைதிகள் மட்டுமல்லர். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் பெருமளவில் இருந்தார்கள். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தொழிலாளர்களிலோ சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் தென்னாற்காடும் ஒன்று. விழுப்புரமும் திண்டிவனமும் அன்று அதன் வட்டங்களாக இருந்தன. படத்தில் காட்டுவழியே வெள்ளைக்காரக் கமாண்டோக்களின் மூட்டைகளைச் சுமந்து வரும் சயாம் பெண்களைப் பார்க்கிறோம். பாதை போட்ட தமிழர்களைப் பார்க்க முடிவதில்லை.

இது பியர் பூல் எழுதிய நாவலின் கற்பனைக் கதை, வரலாற்றுப் பாடம் அல்ல என்பார்கள். நியாயந்தான், எல்லோரையும் ஒரு படத்துக்குள் அடைக்க முடியாது. ஆனால் இங்கே விடுபட்டது இடப் பற்றாக்குறையால் அல்ல. நிக்கல்சன் ஜெனீவா ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடுகிறார். அவருடைய முகாமில் ஒரு மருத்துவரும் இருக்கிறார். தோட்டத் தொழிலாளருக்கு ஒப்பந்தமும் இல்லை, உடன்வந்த அதிகாரியோ மருத்துவரோ இல்லை. காலரா வந்தபோது கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அவர்களைப் பக்கத்தில் நிறுத்தினால், பாலத்தை நன்றாகக் கட்ட வேண்டும் என்ற கர்னலின் தவிப்பே வாய்ப்புள்ளவனின் கவலையாகச் சிறுத்துவிடும். உண்மையான பாலத்தில் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி நிக்கல்சனைப் போன்றவர் அல்லர் என்று முன்னாள் கைதிகள் வாதாடினார்கள். தொழிலாளருக்காக அப்படி வாதாட உலக மேடையில் ஆளில்லை, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற மலேசியத் தமிழ் நாவல்களே அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. லீனின் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு கர்னலின் வீழ்ச்சியாக அது நிற்கும். அந்த ரயில்பாதையின் கதையாக அதை ஏற்க முடியாது.