கைப்பட்டையில் அடைபட்ட கேள்வி

தாயத்தும் மந்திரத் தகடும் விற்றுப் பிழைப்போரை நாம் கண்டிக்கும்போதெல்லாம், தங்கள் மதத்தில் அத்தகைய வியாபாரம் இல்லையெனக் கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் பெருமை கொள்வதுண்டு. அவர்கள் பொருட்டே அமெரிக்க நாட்டு நாவலொன்றையும், அதற்கு நேர்ந்த கதியையும் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

கான்சாஸ் மாகாணத்து டொபீகா நகரில் சார்லஸ் ஷெல்டன் என்ற பாதிரியார் இருந்தார். ஞாயிறு மாலைக் கூட்டங்களில் அவர் பிரசங்கத்துக்குப் பதிலாகத் தாம் எழுதிய தொடர்கதையை வாரம் ஓர் அதிகாரமாகப் படிப்பது வழக்கம். 1896ல் அவ்வாறு படிக்கப்பட்டுப் பின்னர் நூலாக வந்ததே 'இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்', அதாவது 'அவர் அடிச்சுவட்டில்' என்னும் நாவல்.

செல்வர் நிறைந்த ஓர் ஆலயத்தில், ஆராதனை முடியுந் தறுவாயில், கந்தையணிந்த ஒருவன் எழுந்து பேசுகின்றான். அவன் அச்சுத் தொழிலாளி. எழுத்துக்கோக்கும் லினோடைப் யந்திரம் வந்ததால் வேலையிழந்து பத்து மாதங்களாக அலைபவன். அவன் மனைவி நியூயார்க்கில் காற்றோட்டமற்ற வாடகை வீடொன்றில் மாண்டாள்; அவ்வீட்டுக்குச் சொந்தக்காரரும் ஒரு சபையின் அங்கத்தினரே! ஏசுவைப் பின்பற்றுவதாக நீங்கள் பாடுகின்றீர்களே, அதன் பொருள் யாது என்று கேட்கின்றான், மயங்கி விழுகின்றான், மறுவாரம் மடிகின்றான். உள்ளம் நடுங்கிய போதகர், ஏசுவாக இருந்தால் என்ன செய்வார் என்று கேளாமல் ஓராண்டுக்கு எக்காரியமும் செய்வதில்லையென உறுதிகூற முன்வருவோரை அழைக்கின்றார்.

முன்வந்தோருக்குக் கிட்டியது நஷ்டமே. பத்திரிகாசிரியர் குத்துச்சண்டைச் செய்தியையும் மதுபான விளம்பரத்தையும் தள்ளிப் பணமிழக்கின்றார். ரயில்வே மேலதிகாரி தம் கம்பெனியின் சட்டமீறலைக் காட்டிக்கொடுத்துப் பதவி துறந்து, தந்தி குமாஸ்தா ஆகின்றார்.

இலக்கியம் என்ற முறையில் இந்நூலை நாம் உயர்த்திப் பேசமாட்டோம். பாத்திரங்களிற் பலர் பிரசங்க மேடையினின்று அப்போதுதான் இறங்கியவர் போலப் பேசுகின்றனர். பத்திரிகையின் நஷ்டம் முற்றியதும் செல்வச் சீமாட்டியொருத்தி 5 இலட்சம் டாலர் தந்து காப்பாற்றிவிடுகின்றாள். தாம் எழுப்பிய கேள்விக்கு ஆசிரியர் தாமே அஞ்சினார் போலும்! ஆயினும் அம்முதல் அதிகாரம் ஒன்று போதும். யந்திரம் வந்து தொழில் போன குடும்பம் எதுவும் அதை எளிதில் மறவாது.

ஷெல்டன் வெறும் வாய்ச்சொல் வீரரும் அல்லர். டொபீகாவில் நீக்ரோ மக்கள் வறுமையில் வாழ்ந்த டென்னசீடவுன் பகுதியில், அவர்தம் குழந்தைகளுக்காக 1893ல் பாலர் பள்ளி கண்டவர். 1900 மார்ச்சில் ஒரு வாரம் 'டொபீகா டெய்லி காபிடல்' தினசரியை, ஏசு நடத்தினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறு நடத்த முயன்றார். முதல் நாள் முகப்பில் அவர் வைத்த செய்தி, அந்நாளில் இந்தியாவை வாட்டிய பஞ்சம். ஆனால் நடந்ததென்ன? முன்கூட்டியே ஊரெங்கும் முழங்கிய விளம்பரத்தால் விற்பனை 3,60,000 பிரதிகளையும் கடந்தது. நஷ்டத்துக்கு அஞ்சாதே என்று போதித்தவரின் சோதனையே பத்திரிகைக்கு நல்ல வியாபாரமாயிற்று.

நாவலுக்கும் அதுவே நேர்ந்தது. சிகாகோ வாரப் பத்திரிகையொன்றில் அது தொடராக வந்தபோது பதிப்புரிமை சரிவரப் பதிவாகவில்லை. அதைக் கண்டுகொண்ட பதிப்பகத்தார் பலர் ஆசிரியருக்கு ஒன்றும் கொடாமலே அச்சிட்டு விற்றனர். சுயநலத்தை விட்டொழிக்கச் சொல்லும் நூலை இவ்வாறு விற்றவர், அதை ஒருமுறையேனும் படித்தனரோ என்னவோ!

நிற்க. 1989ல் மிச்சிகன் மாகாணத்து ஹாலந்து என்னும் ஊரில், சபை வாலிபர்களுக்கு வழிகாட்டிய ஒரு பெண்மணி, அக்கேள்வியின் ஆங்கில முதலெழுத்துக்களாகிய டபிள்யூ, டபிள்யூ, ஜே, டி என்னும் நான்கையும் துணிப்பட்டையில் நெய்வித்து அவர்கள் கையிற் கட்டச் செய்தார். முதலிற் செய்தவை 300 மட்டுமே. அவர் எண்ணத்தில் குற்றமில்லை. கேள்வி மறக்கலாகாது என்றே செய்தார். ஆனால் 1990-களில் அது மோகமாகப் பற்றியது. கைப்பட்டைகள் கோடிக்கணக்கில் விலைபோயின; சட்டையிலும் கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அந்நான்கு எழுத்துக்கள் ஏறின.

நான்கு எழுத்துக்களுக்கு மேல் பட்டையில் இடமில்லை. ஆகவே அச்சுத் தொழிலாளி வெளியே நிற்கின்றான். அவன் மனைவி மாண்ட வீடும், அதன் சொந்தக்காரரும் வெளியே. நாவலில் அக்கேள்வியைக் கேட்டவர் வேலையையோ பணத்தையோ இழந்தனர். கடையில் அதை வாங்கியவர் இழந்தது பட்டையின் விலை மட்டுமே. தாயத்துக் கட்டியவனும் கட்டியதோடு கடமை தீர்ந்ததென்றுதானே வீடு திரும்புகின்றான்?

நூல் இன்று எவர் உரிமைக்கும் உட்பட்டதன்று, எளிதிற் கிடைக்கும். நம் வாலிபர் சங்கங்களில் ஆங்கிலம் அறிந்தோர் முதல் அதிகாரத்தை வாசித்து, தோட்டத்துச் சகோதரர்க்கும் பட்டணத்துச் சகோதரர்க்கும் தமிழில் எடுத்துச் சொல்வாராக. மற்ற அதிகாரங்களுக்கு அவசரமில்லை.