அங்காடித் தெருவில் ஓர் இருக்கை

வசந்தபாலன் இயக்கத்தில், ஜெயமோகன் உரையாடலில் 2010-இல் வெளியான 'அங்காடித் தெரு' திரைப்படத்தை அண்மையில் மீண்டும் காண நேர்ந்தது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலுள்ள பெருங்கடை ஒன்றின் ஊழியர்களைப் பற்றிய படம் அது. தந்தையை இழந்து, படிப்பைத் தொடர இயலாமல் தென்மாவட்டத்திலிருந்து வருகிற ஜோதிலிங்கமும், அங்கே அவன் சந்திக்கும் கனியும் கதையின் மையம். நெருக்கியடித்து உண்ணும் கூடம், வரிசையாகப் படுத்துறங்கும் தளம், நாள் முழுதும் நின்றே கழியும் பணி ஆகியவற்றை இவ்வளவு அருகில் சென்று காட்டிய தமிழ்ப்படம் அதற்கு முன் இல்லை எனலாம்.

ஆயினும் ஒரு குறை உறுத்துகிறது. கொடுமையெல்லாம் கருங்காலி என்ற மேற்பார்வையாளனின் கையில் குவிக்கப்பட்டுவிடுகிறது. அவன் அடிக்கிறான், நாம் அவனை வெறுக்கிறோம். அவனுக்குப் பதிலாக நல்லவன் ஒருவனை அமர்த்தினால் எல்லாம் சீராகிவிடுமா? நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்ற வரம்பு 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே உள்ளது. அவ்வரம்பு கடைவாசலோடு நின்றுவிடுவது தனியொருவனின் குரூரத்தால் அன்று. நடைபாதையில் கிடக்கும் அசுத்தமான கழிப்பிடத்தைத் தானே துப்புரவு செய்து, கட்டணம் வாங்கிப் பிழைக்கும் மனிதர் இப்படத்தில் வருகிறார். தெருவிலிருப்பவருக்கு வாய்க்கும் தன்மதிப்பு, குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள் இருப்பவருக்கு ஏன் வாய்ப்பதில்லை? படம் காட்டிய இடங்களில் மிகச் சிறந்தது இந்த முரண்தான். அதைப் பின்தொடராமல் காதலின் பின்னே சென்றுவிட்டார்கள்.

முடிவில் நடைபாதையில் உறங்குவோர் மீது வாகனம் ஏறிக் கனி கால்களை இழக்கிறாள். பார்வையாளர் அழுகிறார்கள். நின்று நின்று அக்கால்களைத் தேய்த்தது கடை. பறித்ததோ எங்கிருந்தோ வந்த வாகனம்! குற்றம் விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

கோழிக்கோட்டின் கடைப்பெண்கள் போராடியதன் தொடர்ச்சியாகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு இருக்கை தந்தது. தமிழ்நாடு 2021-இல், படம் வெளியாகிப் பதினோர் ஆண்டுகள் கழித்து, அவ்வாறே திருத்தியது.

சென்ற பெருநாளுக்குத் துணியெடுக்கக் குடும்பத்தோடு ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். எங்களுக்கு மெத்தை வைத்த முக்காலிகள் தரப்பட்டன. முப்பது சேலைகளுக்கு மேல் பிரித்துக் காட்டிய பெண் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று இருந்தது; அதன்மேல் துணிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.