ஒதுக்கீடும் ஒதுக்கிவைப்பும்: 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவின் பரிந்துரைப் பட்டியல் குறித்து ஒரு மறுபார்வை

முன்னுரை

விருது பெற்ற படங்களைப் பற்றிப் பலரும் எழுதுவர். விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படங்களின் பட்டியலை ஆராய்வோர் சிலரே. ஆயினும், ஒரு விழா எதனைக் கலை என்று கருதுகிறது, யாரைத் தன்னவர் என்று ஏற்கிறது என்பதைப் பரிசைக் காட்டிலும் பரிந்துரைப் பட்டியலே தெளிவாக உணர்த்தும். பரிசு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. பட்டியலோ போட்டியிடும் தகுதி யாருக்கு உண்டு என்பதையே முடிவு செய்கிறது. அவ்வகையில், 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியான 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவின் பரிந்துரைப் பட்டியல் இந்நாட்டுத் தமிழாய்வாளர் மறக்கலாகாத ஓர் ஆவணமாகும். அப்பட்டியல் எழுப்பிய வினாக்களை இக்கட்டுரை மீண்டும் எண்ணிப் பார்க்க முற்படுகிறது.

பட்டியலும் எதிர்ப்பும்

1980ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியத் திரைப்பட விழா, இந்நாட்டுத் திரைத்துறையினரின் முதன்மையான அங்கீகாரமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. 2016ஆம் ஆண்டுப் பட்டியலில் மலாய்மொழிப் படங்கள் ஒரு பிரிவாகவும் மலாய் அல்லாத மொழிப் படங்கள் வேறொரு பிரிவாகவும் வைக்கப்பட்டன. இதனால் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), சியூ கெங் குவானின் ‘ஓலா போலா’ (2016) ஆகிய இரு படங்களும் சிறந்த படத்துக்கான முதன்மைப் பிரிவில் இடம்பெற இயலாத நிலை ஏற்பட்டது.

இதற்கு எழுந்த எதிர்ப்பு ஓர் இனத்தாரின் குறையாக நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அஃப்ட்லின் ஷவுக்கி முதலிய மலாய்த் திரைக்கலைஞர்களே விழாவைப் புறக்கணிக்கப் போவதாக வெளிப்படையாக அறிவித்தனர். அதன் விளைவாக விதிமுறை திருத்தப்பட்டது. சிறந்த படத்துக்கான விருது எல்லா மொழிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. தேசிய மொழியில் அமைந்த சிறந்த படத்துக்கெனத் தனி விருதும் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நடைபெற்ற விழாவில் ‘ஜகாட்’ சிறந்த படமாகத் தேர்வு பெற்றது.

மொழி ஓர் அளவுகோலா?

தேசிய மொழியை வளர்க்க ஓர் அரசு விரும்புவதில் குற்றம் காண்பதற்கில்லை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக நிலைநாட்டுகிறது. அதே பிரிவு, பிற மொழிகளைப் பயன்படுத்தவோ கற்கவோ கற்பிக்கவோ எவரும் தடை செய்யப்படலாகாது என்றும் உறுதி அளிக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் முறை யாது என்பதே வினா.

திரைப்படத்தை உரையாடலின் மொழி கொண்டு வகைப்படுத்துவதில் உள்ள இடர்ப்பாட்டை ‘ஓலா போலா’ நன்கு காட்டுகிறது. 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெறப் போராடிய தேசியக் காற்பந்துக் குழுவைத் தழுவி அமைந்த அப்படத்தில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே குழுவில் ஆடுகின்றனர். வீட்டில் ஒரு மொழியும் திடலில் மற்றொரு மொழியும் பேசுவது இந்நாட்டு வாழ்வின் இயல்பு. அவ்வியல்பைப் பிழையின்றிக் காட்டியதே படத்துக்குத் தகுதிக்குறைவாக அமைந்தது. பாத்திரங்களின் வாயில் செயற்கையாக ஒரே மொழியைத் திணித்திருப்பின் அது முதன்மைப் பிரிவில் சேர்ந்திருக்கும். உண்மையைக் குறைத்தால் தகுதி கூடும் என்னும் விதி, கலையை அளக்கும் விதியாக இருத்தல் இயலாது.

முன்னோடி இல்லாத நிலையும் அன்று. மலாய், கந்தோனீயம், ஆங்கிலம் ஆகியவை கலந்து ஒலித்த யாஸ்மின் அகமதுவின் ‘செப்பெட்’ 2005ஆம் ஆண்டு இவ்விழாவிலேயே சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. ஆகவே, 2016ஆம் ஆண்டின் பிரிவினையை மரபின் பெயரால் நியாயப்படுத்துவதற்கும் இடமில்லை.

‘ஜகாட்’ எனும் சொல்

‘ஜகாட்’ தமிழ்ப் படம். ஆனால் அதன் தலைப்பு, தீயது எனப் பொருள்படும் ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல் மலேசியத் தமிழர் நாவில் திரிந்து வழங்கும் வடிவமாகும். தேசிய மொழிப் படம் அன்று என ஒதுக்கப்பட்ட படைப்பு, தேசிய மொழிச் சொல்லையே தன் பெயராகத் தாங்கி நின்றது. இம்முரண் தற்செயலானதன்று. ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழியினரின் வீட்டுப் பேச்சில் வேர்விடுவதற்குத் தலைமுறைகள் ஒரே மண்ணில் வாழ வேண்டும். அவ்வகையில், அத்தலைப்பே இப்படம் எந்த நாட்டுக்குரியது என்பதற்குச் சான்றாகிறது.

படத்தின் பொருளும் அத்தகையதே. தோட்டங்கள் கைமாறி, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த பின்னர், 1990களின் தொடக்கத்தில் நிகழும் கதை இது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய்க்கு முன்னே, கல்வி ஒன்றே மீட்சி எனக் கண்டிக்கும் தந்தை மணியம், போதையிலிருந்து மீண்ட சித்தப்பா பாலா, குண்டர் கும்பலில் உழலும் சித்தப்பா மெக்சிக்கோ என மூவர் நிற்கின்றனர். சிறுவனின் கற்பனைத் திறனை வீடும் உணரவில்லை, பள்ளியும் உணரவில்லை. அவன் வழி மாறுவது ஒரு தனிமனிதனின் குற்றமாக அன்றி, ஒரு சமுதாயம் பெயர்த்தெறியப்பட்டதன் தொடர்ச்சியாகக் காட்டப்படுகிறது. இஃது இந்நாட்டின் நில வரலாறு, தொழில் வரலாறு. தமிழில் சொல்லப்பட்டதால் அது தேசத்தின் கதை ஆகாமற் போய்விடாது.

பிற நாட்டு நிலை

இத்தகைய சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நிகழும் கதையைக் கூறும் ‘மினாரி’, உரையாடலின் பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த காரணத்தால், 2021ஆம் ஆண்டு கோல்டன் குளோப் விருதில் சிறந்த படத்துக்கான பிரிவில் போட்டியிட இயலாது அயல்மொழிப் பிரிவில் வைக்கப்பட்டது. பின்னர் அவ்விதி மாற்றப்பட்டது. ஆஸ்கார் விருதிலோ அயல்மொழிப் படங்களுக்குத் தனிப்பிரிவு இருப்பினும் முதன்மைப் பிரிவு அடைக்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டு கொரியப் படமான ‘பாரசைட்’ அவ்விரு விருதுகளையும் வென்றது.

இந்திய தேசியத் திரைப்பட விருது மற்றொரு முறையைக் காட்டுகிறது. அங்கு மொழிவாரியாகத் தனி விருதுகள் உண்டு. அனைத்து மொழிகளுக்கும் பொதுவான சிறந்த படத்துக்கான விருதும் உண்டு. ‘மறுபக்கம்’, ‘காஞ்சிவரம்’ ஆகிய தமிழ்ப் படங்கள் அப்பொது விருதைப் பெற்றவை.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். சிறு மொழிப் படங்களுக்குத் தனிப்பிரிவு அமைப்பது தவறன்று. பெருஞ்சந்தையோடு போட்டியிட இயலாத படங்களுக்கு அது துணையாகவும் அமையலாம். தனிப்பிரிவில் வைத்துப் பொதுப்பிரிவை அடைப்பதே தவறு. முன்னது ஒதுக்கீடு, பின்னது ஒதுக்கிவைப்பு. 2016ஆம் ஆண்டின் திருத்தம் பொதுப்பிரிவைத் திறந்த வகையில் பாராட்டுக்குரியது. ஆயின், தனி விருது தேசிய மொழிக்கு மட்டும் எஞ்சியது என்பதும் எண்ணத்தக்கது.

வெற்றியின் நிழல்

ஒதுக்கிவைப்பின் தீங்கு வென்றவரையும் விடுவதில்லை. சர்ச்சைக்குப் பின் கிடைத்த விருது என்பதால், அது கலைக்காகக் கிடைத்ததா, சமாதானத்துக்காகக் கிடைத்ததா என ஐயுறுவோர் எழுந்தனர். படத்தை ஊன்றிப் பார்த்தோர்க்கு அவ்வையம் எழாது. எனினும், தொடக்கத்திலேயே பொதுப்பட்டியலில் இடம்பெற்று வென்றிருப்பின் அக்கேள்விக்கே இடமிருந்திராது.

முடிவுரை

பட்டியலைத் தொகுத்தோரைக் குறை கூறுவதோடு நம் பணி முடிவதில்லை. நம் திரையரங்குகளில் சென்னைப் படங்களுக்குக் கூடும் கூட்டம் நம் மண்ணின் படங்களுக்குக் கூடுவதில்லை. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) தோட்டப்புற வாழ்வைத் திரையில் பதிந்தது. அதனை இன்றைய மாணவருள் எத்தனை பேர் அறிவர்? விழாக்குழு ‘ஜகாட்’டைச் சிறிது காலமே ஒதுக்கியது, நாமோ நம் படங்களைப் பல்லாண்டுகளாக ஒதுக்கி வருகிறோம். மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கும் நாவலுக்கும் வகுப்பறையில் இடமளித்துள்ள தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் இப்படங்களையும் பாடமாகவும் ஆய்வுப் பொருளாகவும் கொள்ளல் வேண்டும். பட்டியலில் இடம் கேட்பது உரிமை. கிடைத்த இடத்துக்குரிய படைப்புகளைக் கற்றுப் போற்றுவது கடமை. உரிமையை 2016ஆம் ஆண்டில் பலர் நமக்காகவும் சேர்ந்து கேட்டனர். கடமையை நாமே ஆற்றுதல் வேண்டும்.