பேராக் மாநில மன்றமும் ‘ஆலோசனை’ எனும் சொல்லும்

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கை, மலாய்ச் சமயமும் வழக்காறும் நீங்கலாக, அனைத்திலும் ரெசிடெண்டின் ‘ஆலோசனை’யைப் பேராக் சுல்தான் கேட்டு அதன்படியே ஒழுகவேண்டும் என்றது. இங்கு ஆலோசனை என்பது ஆணை. 1875இல் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட பின்னர், ஹியூ லோ காலத்தில், 1877இல் மாநில மன்றம் அமைந்தது. அம்மன்றம் கூறிய ஆலோசனையோ ஆலோசனையாகவே நின்றது.

ஆயினும் இதனை வெறும் கண்துடைப்பெனத் தள்ளுதல் பொருந்தாது. லாருட் சுரங்கப் பூசலில் எதிரெதிர் நின்ற ஹாய்சான், கீஹின் குழுத் தலைவர் இருவரும் மலாய்ப் பிரபுக்களுடன் ஒரே அவையில் அமர்ந்தனர். கடனடிமை முறையை லோ ஒரே ஆணையால் நீக்கவில்லை. மன்றத்தாரின் இசைவை நாடிப் பொறுத்திருந்து, 1884இன் தொடக்கத்தில்தான் முடிவு கண்டார். இசைவு தந்தோரிடையே அடிமைகளை உடையோரும் இருந்தனர். அடிமைகளைக் கேட்டார் இலர்.

இந்நிலை பேராக்கிற்கே உரியதன்று. டச்சுக்காரர் 1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுத்தபோது, அதனைச் சரிபார்த்தோர் பன்னிரு முதலியார்கள். அடிமைகள் பற்றிய விதிகளும் அந்நூலில் உள. அவற்றையும் சரிபார்த்தோர் அவர்களே.

தலைநகராயிருந்த தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையில் தமிழர் உழைப்பு கலந்துள்ளது. ஆனால் 1909இல் தோன்றிய கூட்டரசு மன்றத்தில் முதல் இந்தியராக வீராசாமி நியமனம் பெற்றது 1928இல். அவரும் வழக்கறிஞர், தோட்டத் தொழிலாளி அல்லர்.