எல்லாம் மனசுலதான் இருக்கா?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்த கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இன்னும் விட்டபாடில்லை. சார்லஸ் டுஹிக் 2012-இல் எழுதிய ‘தி பவர் ஆஃப் ஹாபிட்’ புத்தகம் அதை நீச்சல் தெரியாதவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது நீந்தப் பழகும் பிள்ளைகளுக்கே ‘மைண்ட்செட்’ பயிற்சி என்று தனியாக ஒன்று கிளம்பியிருக்கிறது. அங்கும் இதே கதைதான். 200 மீட்டர் பட்டர்ஃபிளை. குதித்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடி கசிகிறது. கடைசி 50 மீட்டரில் சுவரும் தெரியவில்லை, தரையில் ஓடும் கறுப்புக் கோடும் தெரியவில்லை. பெல்ப்ஸ் கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொடுகிறார். 1:52.03, உலக சாதனை. மனசு இருந்தால் கண் எதற்கு என்று முடிப்பார்கள், கைதட்டல் விழும்.

எனக்கு இந்தக் கதை வேறு மாதிரிப் படுகிறது. எண்ணிக்கையை வைத்துச் சுவர் எங்கே என்று சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வீச்சும் அனேகமாக ஒரே தூரம் போக வேண்டும், தோள் எரிகிற கடைசிச் சுற்றிலும் போக வேண்டும். அந்த அளவு பெல்ப்ஸின் தோளிலும் இடுப்பிலும் வருடக்கணக்கில் ஊறிப்போனது. அவருடைய கோச் பாப் போமன் முன்பு ஒருமுறை வேண்டுமென்றே கண்ணாடியை மிதித்துவிட்டு நீந்த விட்டிருக்கிறார். ஆக, ஏற்கெனவே ஒத்திகை பார்த்த உடம்பு. பாராட்டை மட்டும் மனசு வாங்கிக்கொண்டது.

மனத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் மிலோராட் சாவிச்சை பெல்ப்ஸ் வென்றது 0.01 நொடியில். அந்த இடைவெளியில் பதற்றமும் நிதானமும் கணக்கில் வரத்தான் செய்யும். முந்தின இரவு கண்ணை மூடிப் போட்டியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். (அடுத்த வருடம் ரோமில், அதே மனசோடு இறங்கிய பெல்ப்ஸ் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வேகத்தைக் கூட்டும் பாலியூரித்தேன் உடை போட்டிருந்த பால் பீடர்மானுக்கு 1.22 நொடி பின்னால் வந்ததை மட்டும் எந்த மேடையிலும் சொல்லிக் கேட்டதில்லை.)

என் பிரச்சினை வேறு. இந்த மைண்ட்செட் போதனை, உடம்பு பேசினால் காது கொடுக்காதே என்று பிள்ளைகளைப் பழக்குகிறது.

விடிகாலைப் பயிற்சியில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. உதடு வெளுத்திருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறது; அடுத்த லேப்புக்கு இன்னும் பத்து நொடி. “முடியல சார்.” மேலிருந்து பதில் வருகிறது: “எல்லாம் மனசுலதான் இருக்கு, போ.” அந்தப் பிள்ளை டிமிக்கி கொடுக்கிறதா, நேற்றிரவு தூங்கவில்லையா, தோளில் தசைநார் வீங்கியிருக்கிறதா? மேலே நிற்பவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று அவருக்கு ஒரு தத்துவமே கிடைத்துவிட்டது.

இதில் அபாயம் என்னவென்றால், அளவுக்கு மீறிய பயிற்சி உடம்பைக் கெடுக்கத் தொடங்கும்போது அதன் அடையாளங்கள் பெரும்பாலும் குணக்கேடு மாதிரியே தெரியும். ஆர்வம் குறையும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும், குளத்தைப் பார்த்தாலே வெறுப்பு வரும். இதுதான் நோய் என்று அடித்துச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனைகூடக் கிடையாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மார்கனும் கூட்டாளிகளும் பத்து ஆண்டுகள் நீச்சல் வீரர்களின் மனநிலையைக் கேள்வித்தாள் வைத்துத் தொடர்ந்து பதிவு செய்து, 1987-இல் வெளியிட்டார்கள். பயிற்சித் தூரம் ஏற ஏற மனநிலை கெட்டது. போட்டிக்கு முன் தூரத்தைக் குறைத்ததும் பழையபடி தேறியது. கெட்டுப்போன மனசுக்குக் காரணம் கோச் போட்ட அட்டவணையிலேயே இருந்தது. அதைச் சோம்பல் என்று பெயர் வைத்து, இன்னும் பத்து லேப் தண்டனை கொடுத்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

சிமோன் மானுவேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, பட்டே தெரிந்துகொண்டார். 2016 ரியோவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 52.70 நொடியில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர். 2021 ஜனவரியில் உடம்பு மக்கர் செய்ய ஆரம்பித்தது. குளத்துக்குப் படியேறினாலே மூச்சு வாங்கியது. தூக்கம் போயிற்று. அம்மாவிடம் போனில் எரிந்து விழுந்தார். பயிற்சியைக் குறைத்துப் பார்த்தும் தேறாமல், கடைசியில் மூன்று வாரம் தண்ணீரிலேயே இறங்கக் கூடாது என்றார்கள். அதுவும் ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்குச் சில மாதங்களே இருக்கும்போது. ஜூனில் ஓமஹாவில் 100 மீட்டர் அரையிறுதியில் ஒன்பதாவதாக வந்தார். இறுதிக்கு எட்டுப் பேர்தான். உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்த ஒருவருக்கு மன உறுதி போதவில்லை என்று எந்த மைண்ட்செட் ஆசாமியாவது சொல்வாரா? மானுவேலைச் சொல்ல மாட்டார். பெயர் தெரியாத பள்ளிப் பிள்ளையைத் தினமும் சொல்கிறார்.

நல்ல பயிற்சியாளர்கள் எந்த வலியைத் தாங்க வேண்டும், எதற்கு நிறுத்த வேண்டும் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்களே என்பார்கள். எங்காவது ஒருவர் தருவார். ஆனால் சுவரில் ஒட்டுகிற வாசகத்தில் அந்தப் பிரிவினை இருந்து நான் பார்த்ததில்லை. பெல்ப்ஸ் பல வருடங்கள் ஞாயிறு, கிறிஸ்துமஸ் பார்க்காமல் நீந்தினார் என்பது சுவரில் இருக்கிறது. அதே பெல்ப்ஸ் 2012 லண்டன் ஒலிம்பிக் முடிந்தபின் உயிரோடிருக்கவே விருப்பமில்லாமல் அறைக்குள் கிடந்ததாகத் தானே வெளிப்படையாகச் சொன்னது சுவரில் இல்லை. அவருடைய மனசைத்தான் நம் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டுகிறோம். அதில் நமக்கு வேண்டிய பாதியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்கிறோம்.

காலையில் எழுந்ததும் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதச் சொன்னால் செலவு ஒன்றும் இல்லை. எப்படித் தூங்கினாய், சாப்பிடப் பிடிக்கிறதா, தோள் எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கு ஒரு தாள் போதும். நாடி நாலு நாளாக ஏறிக்கொண்டே போனால் அன்றைக்குத் தூரத்தைப் பாதியாக்கலாம். இதைச் செய்ய முன்வராதவர்கள் வகுப்பெடுக்க மட்டும் முன்வருகிறார்கள். கட்டணம் வாங்குகிறவர்கள் முதல் வகுப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கோச்சுகளையும், மாடியில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் அமுக்கும் அப்பாக்களையும் உட்காரவைக்கட்டும். நானே காசு கொடுத்துக் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறேன்.